2,40,000 கி.மீ. ஓடிய டீசல் காரில் ‘டிக் டிக்’ சத்தம்: எஞ்சினைத் திறக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். 2013 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல், சென்னையில் கால் டாக்ஸியாக ஓடுகிறது, 2,40,000 கி.மீ. தாண்டிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமெடுக்கிறது. வண்டி சூடான பிறகு குறைகிறது, ஆனால் முழுக்கப் போவதில்லை. இழுவையில் குறை இல்லை, ஆயில் விளக்கும் எரியவில்லை. ஒரு மெக்கானிக் டேப்பட் (எஞ்சின் வால்வை இயக்கும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளியைச் சரியாக வைக்கும் பாகம்) அட்ஜஸ்ட் செய்தால் போதும் என்கிறார். இன்னொருவர் எஞ்சினையே இறக்கிப் பார்த்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இருவருக்கும் சரி சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இருவருமே காதால் கேட்டதோடு நின்றிருக்கிறார்கள், எதையும் அளந்து பார்க்கவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். அது எந்த வேகத்தில் அடிக்கிறது, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, எந்த இடத்தில் பலமாகக் கேட்கிறது என்பது தெரிந்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு மூன்று சந்தேகங்கள்தான். வண்டி ஒர்க்ஷாப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு வருமானம் இல்லாத நாள். அதனால் திறப்பதென்றால் எதற்காகத் திறக்கிறோம் என்று தெரிந்துதான் திறக்க வேண்டும்.

முதலில் உங்கள் எஞ்சினைப் பற்றி. அது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட். மாருதி, டாடா, ஃபியட் மூன்றுமே இதை வெவ்வேறு பெயர்களில் இந்தியாவில் விற்றன. நான்கு சிலிண்டர், 16 வால்வு, இரண்டு கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), அவற்றைச் சுழற்ற டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். இதில் வால்வு இடைவெளியைத் திருகு வைத்துச் சரிசெய்யும் ஏற்பாடே கிடையாது. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ஹைட்ராலிக் டேப்பட் உண்டு. ஆயில் பிரஷரால் உள்ளே நிரம்பி, இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும். ஆகவே இந்த எஞ்சினில் டேப்பட் அட்ஜஸ்ட் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இந்த எஞ்சின் பழக்கமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். செயினை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரும் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. அதனால்தான் எந்தச் சத்தமானாலும் விசாரணையை ஆயிலில் தொடங்கச் சொல்கிறேன்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். காற்று கலந்த ஆயில் உள்ளே போனால் ஹைட்ராலிக் டேப்பட் அமுங்கிப்போய் ‘டிக்’ கென்று அடிக்கும். மேல்கோட்டைத் தாண்டி இருந்தாலும் இதே கதிதான். சுழலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். ‘ஒரு லிட்டர் கூடவே இருக்கட்டும்’ என்று ஊற்றிவிட்டு, பிறகு சத்தம் வருகிறது என்று வருபவர்கள் நிறைய. அளவு சரியாக இருந்தால் அடுத்தது ஆயிலின் வயது. டாக்ஸிக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. பயணிக்காகக் காத்திருக்கும்போது ஏசி போட்டு நிறுத்தியிருக்கும் நேரமெல்லாம் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மீட்டர் மட்டும் ஏறுவதில்லை. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறீர்கள் என்றால், உங்கள் மாதிரி ஓட்டத்துக்கு அதை 7,000 ஆகக் குறைப்பதுதான் என் பரிந்துரை.

காலையில் முதல் சில விநாடிகள் மட்டும் சத்தம் வந்து அடங்குகிறது என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் டேப்பட்டுக்குள் இருக்கும் ஆயில் கொஞ்சம் கசிந்து இறங்கும், ஸ்டார்ட் ஆனதும் மறுபடி நிரம்பும். அது நீண்டு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று போனால் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். ஆயில் மேலேயிருந்து வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு சில வண்டிகளில் ஃபில்டருக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் ஃபில்டர் உட்காரும் கூட்டில் இருக்கும். மலிவு விலைப் போலி ஃபில்டரில் முதலில் கோட்டைவிடுவது இதைத்தான்.

அடுத்ததாக, சத்தத்தை எண்ண வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் விநாடிக்கு 13 முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. கேம் ஆறேழு முறை. காதால் இதை எண்ண முடியாது. ஆனால் மொபைலில் பத்து விநாடி பதிவு செய்து, வீடியோ எடிட் செய்யும் ஏதாவது ஒரு செயலியில் கால் வேகத்துக்குக் குறைத்தால் தாராளமாக எண்ணலாம். பத்து விநாடிப் பதிவில் கிட்டத்தட்ட 67 அடி வந்தால் அது கேம் வேகம். 133 வந்தால் கிராங்க் வேகம். டாக்கோமீட்டரில் வேறு எண் காட்டினால் அதற்கேற்பக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேம் வேகத்தில் அடிப்பவை வால்வு, டேப்பட், ராக்கர் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள சிறு நெம்புகோல்), கேமின் மேடு ஆகியவை. இன்ஜெக்டரும் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் டீசல் அடிக்கிறது என்பதால் அதுவும் இந்தக் கூட்டத்தில் சேரும். ஒரே ஒரு சிலிண்டரின் கேஸ்கெட் வழியாகப் புகை கசிந்தாலும் இதே தாளம்தான். கிராங்க் வேகத்தில் அடித்தால் சந்தேகம் கீழ்ப்பக்கம் போகிறது: கனெக்டிங் ராட் பேரிங், கிராங்க் பேரிங், ஃப்ளைவீல். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ராட் பேரிங் பவர் ஸ்ட்ரோக்கில்தான் பலமாகத் தட்டும் என்பதால் சில நேரம் அரை வேகம் போலவே கேட்கும். அதனால் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டு வேகத்திலும் சேராமல் தன்போக்கில் அடிக்கிறது என்றால் பெல்ட்டில் ஓடும் சாமான்களைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், ஐட்லர் புல்லி எல்லாம் வேறு வேகத்தில் சுற்றுபவை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பும் அந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது, ஆகவே அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இப்போது இடம். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இல்லையென்றால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதருகே எலும்பில் அழுத்திக் கேட்கலாம். தோளில் துண்டு, கழுத்தில் செயின், தொங்கும் அடையாள அட்டை எதுவும் இருக்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடத் தொடங்கும். உலோகம் சத்தத்தை எங்கும் கடத்திவிடும் என்பதால் ஒரே ஓர் இடத்தில் வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கு இன்ஜெக்டர்களிலும் ஒரே மாதிரி இடத்தில் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பிறகு ஹெட்டின் மேல்மூடி, செயின் இருக்கும் பக்க மூடி, கேமில் இணைந்து ஓடும் வேக்குவம் பம்ப், கடைசியில் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பர். வேக்குவம் பம்ப்பை யாரும் சந்தேகிப்பதே இல்லை. தேய்ந்துபோன வேக்குவம் பம்ப் டேப்பட் மாதிரியே அடிக்கும், அதை மாற்ற எஞ்சினைத் திறக்கவே வேண்டாம்.

உங்கள் வண்டியில் சூடானால் குறைகிறது, ஆனால் போகவில்லை என்கிறீர்கள். இழுவை குறையவில்லை. இந்த அடையாளத்துக்கு நன்றாகப் பொருந்துபவை மூன்று: சோர்ந்துபோன ஹைட்ராலிக் டேப்பட், இன்ஜெக்டர் காப்பர் வாஷரில் கசிவு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) கேஸ்கெட்டில் கசிவு. மூன்றுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்பதால் இங்கே நிதானமாகப் பாருங்கள்.

கசிவையும் டேப்பட்டையும் பிரித்துக் காட்டுவது பளு. டேப்பட் சத்தம் எஞ்சின் வேகத்தைத்தான் பார்க்கும், வண்டி எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. கசிவு அப்படியில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறுங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சத்தம் பலமாகி, காலை எடுத்ததும் சட்டென்று அடங்கினால் அது பெரும்பாலும் கசிவு. மேனிஃபோல்ட் கசிந்தால் கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருக்கும், அல்லது ஒரு ஸ்டட் உடைந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினில்தான் அது அதிகம் சத்தம் போடும். சூடேறி உலோகம் விரியும்போது இடைவெளி தானே மூடும்.

இன்ஜெக்டர் வாஷர் கசிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓடித் தேய்ந்த காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் ஏற்பாடு) டீசல்களில் இது அடிக்கடி வருவது, அடிக்கடி தவறவிடப்படுவதும் இதுதான். இன்ஜெக்டரின் அடியில் ஒரு சிறிய காப்பர் வாஷர் இருக்கிறது. எரியும் வாயு மேலே வராமல் தடுப்பது அதன் வேலை. அது இளகிவிட்டால் ஒவ்வொரு வெடிப்பிலும் துளி வாயு பீறிட்டு வரும். அதுதான் ‘டிக்’ அல்லது ‘ச்சுஃப்’ என்று கேட்கிறது. பிளாஸ்டிக் மேல்மூடியை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு இன்ஜெக்டரைச் சுற்றி மட்டும் தார் போலக் கறுப்பாக இறுகியிருக்கும். சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாகப் புகை நாற்றம் வந்தால் இன்னும் உறுதி. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்ஜெக்டர் அடியில் சோப்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் செய்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். மின் இணைப்புகளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மாதக்கணக்கில் விட்டால் கரி இறுகி இன்ஜெக்டர் வெளியே வர மறுக்கும், அது உட்காரும் இடமும் அரித்துப்போகும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். வேலை செய்யும்போது உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, சரியான டார்க்கில் இறுக்க வேண்டும். பழைய வாஷரையே திருப்பிப் போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வாஷர் சுத்தமாக இருந்தும் ஒரு இன்ஜெக்டர் மட்டும் மற்ற மூன்றைவிடப் பலமாகத் தட்டினால் ஸ்கேனர் வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு திருத்தம் கொடுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நான்கிலும் ரிட்டர்ன் டீசல் எவ்வளவு வருகிறது என்று பாட்டிலில் பிடித்து ஒப்பிடுவதும் நல்ல சோதனை. ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. பழைய டீசல் வண்டிகளில் செய்தது போல, எஞ்சின் ஓடும்போது நாசில் பைப்பைத் தளர்த்திப் பார்ப்பது இதில் ஆபத்து. காமன் ரெயிலில் டீசலின் அழுத்தம் மிக அதிகம், 1,000 பாருக்கும் மேலே போகக்கூடியது. அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல மட்டும் தெரிந்தாலும் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம் அது.

கசிவு எதுவும் இல்லை, சத்தம் கேம் வேகத்தில் அடிக்கிறது, ஹெட்டின் மேலே பலமாகக் கேட்கிறது என்றால் டேப்பட் பக்கம் வரலாம். அப்போதும் மூடியைத் திறக்கும் முன் ஆயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். ஆயில் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அந்த ஸ்விட்ச் பொதுவாக அரை பாருக்கும் கீழே போனால்தான் விளக்கைப் போடும். ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும் 2,000 சுற்றிலும் படித்துப் பார்க்க வேண்டும். சரியான எண் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பொதுவாக 1,000 சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ, அதாவது முக்கால் பாருக்குக் கொஞ்சம் குறைவு, என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு. பிரஷரே குறைவாக இருந்தால் 16 டேப்பட்டையும் புதிதாகப் போட்டாலும் சத்தம் திரும்ப வரும். பம்ப், ஆயில் இழுக்கும் ஜாலி (சல்லடை), பேரிங் தேய்மானம் என்று காரணம் வேறெங்கோ இருக்கிறது.

சத்தம் ‘டிக்’ இல்லாமல், காலையில் முதல் இரண்டு மூன்று விநாடி தகரம் உரசுவது போலக் கரகரவென்று வந்தால், அது செயின். ரேஸ் செய்து விடும்போது சுற்று இறங்கும் நேரத்திலும் கேட்கும். 2,40,000 கி.மீ. ஓடிய மல்டிஜெட்டில் செயினை இதுவரை மாற்றவில்லை என்றால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். செயின் நீண்டு ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும், ராக்கர்கள் ஒடியும். ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் குறியீடு வந்தால் கிராங்க்கும் கேமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். செயின் நீண்டிருப்பது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. மாற்றும்போது செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை. டென்ஷனர், கைடு, பல் சக்கரம் எல்லாம் சேர்ந்த கிட்டாகப் போடுங்கள்.

எஞ்சினை இறக்க வேண்டிய நிலை எது என்றும் சொல்லிவிடுகிறேன். சத்தம் ‘டொக் டொக்’ என்று கனமாக, ஆயில் சேம்பர் பக்கம் பலமாக, சூடாக ஆகக் கூடுதலாக, 2,000 சுற்றுக்கு மேல் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது தெளிவாகக் கேட்டால் அது ராட் பேரிங்காக இருக்கலாம். பழைய ஆயில் ஃபில்டரின் மடிப்புகளை வெட்டி விரித்து வெயிலில் பாருங்கள். மின்னும் தூள் இருந்தால் பேரிங் கரைகிறது. பேரிங் தூளைக் காந்தம் இழுக்காது, ஆகவே காந்தம் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் டோ செய்து கொண்டுபோங்கள். உங்கள் வர்ணனையில் இந்த அடையாளம் எதுவும் இல்லை. அதனால்தான் எஞ்சினை இறக்கும் யோசனையை இப்போது ஏற்க வேண்டாம் என்கிறேன்.

இதே கேள்வி பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் வரும். ஹோண்டா சிட்டி போன்றவற்றில் திருகு வைத்துச் சரிசெய்யும் டேப்பட் உண்டு. அங்கே ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்ப்பது முறையான வேலை. அப்புறம், கேஸ் கிட் போட்ட வண்டியில் டேப்பட் சத்தமே இல்லாமல் அமைதியாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலே ஏற ஏற இடைவெளி சுருங்கும், பிறகு வால்வு முழுதாக மூடாமல் கருகும். இடைவெளி கொஞ்சம் கூடுதலாக இருந்து சத்தம் போடும் வால்வைவிட இது மோசம். ஸ்பார்க் பிளக் தளர்ந்திருப்பது, டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு தட்டுவது இரண்டும் பெட்ரோல் காரில் டேப்பட் என்று தவறாக நினைக்கப்படுபவை.

கடையில் 20டபிள்யூ50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும் என்பார்கள். அடங்கலாம். ஆனால் காலையில் அந்தக் கெட்டி ஆயில் டேப்பட்டுக்கும் டென்ஷனருக்கும் தாமதமாகப் போய்ச் சேரும், செயின் அந்த நேரமெல்லாம் தளர்ந்து ஆடும். கையேட்டில் போட்டிருக்கும் கிரேடிலேயே நில்லுங்கள். ஃப்ளஷ் மருந்தும் இத்தனை ஓடிய எஞ்சினில் வேண்டாம். பல வருடக் கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து ஆயில் இழுக்கும் ஜாலியை அடைத்தால், இல்லாத வியாதியை வாங்கிக்கொண்டது ஆகும். நல்ல ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு, 3,000 கி.மீ.யில் இன்னொரு முறை மாற்றுங்கள். லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் டேப்பட் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவே இந்த வாரம் உங்கள் வேலை ஆயில் அளவு, மொபைல் பதிவு, மேம்பாலச் சோதனை, இன்ஜெக்டர் அடியில் டார்ச். நான்கும் செலவில்லாதவை. அதில் தெளிவாகவில்லை என்றால் பிரஷர் கேஜும் ஸ்கேனரும். அதற்குப் பிறகும் டேப்பட்தான் என்று வந்தால் மேல்மூடியைத் திறக்கலாம். வால்வு மூடியிருக்கும் நிலையில் டேப்பட் உள்ள பக்கம் ராக்கரை விரலால் அழுத்தும்போது, மற்றவை கெட்டியாக நிற்க ஒன்று மட்டும் மெத்தென்று அமுங்கினால் அதுதான் குற்றவாளி. கூடவே ராக்கரின் உருளை ஆடுகிறதா, கேம் மேட்டில் குழி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குழி இருந்தால் டேப்பட் மட்டும் மாற்றி என்ன பயன்? எடுக்கும் ராக்கர்களை வரிசை மாறாமல் வைத்து அதே இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். டேப்பட்டைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் வாங்காமல் புதிதாகவே வாங்குங்கள், ஏனென்றால் அதன் தேய்மானம் வெளியே தெரியாது. புது டேப்பட் போட்ட பின் எஞ்சினை முதலில் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, எங்கும் தடுக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் சில நிமிடம் சத்தம் முன்பைவிடப் பலமாகவே வரலாம். உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் வரை ரேஸ் செய்யாமல் மிதமான வேகத்தில் ஓட விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தும் அடங்காவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஆயில் பிரஷரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.